அட்டைகளைத் துறை பிரித்தல்: சிவகாசிச் சித்திரக்கதைகளும் கண்ணுக்குத் தெரியாத கைகளும்

சித்திரக்கதை பற்றித் தமிழில் நடக்கிற பேச்சு பெரும்பாலும் இரண்டு தரப்புகளில் முடிந்துபோகிறது. ஒரு தரப்புக்கு அது பால்யம். பழைய புத்தகத்தைக் கையில் எடுத்ததும் முகர்ந்து பார்ப்பவர்கள் இவர்கள். இன்னொரு தரப்புக்கு அது ஏகாதிபத்தியக் கலாச்சாரக் குப்பை. இவர்கள் தொடுவதே இல்லை. முகர்ந்து பார்ப்பதும் தொடாமல் இருப்பதும் வாசிப்பு ஆகாது என்பதுதான் இரண்டு தரப்பிடமும் எனக்குள்ள தகராறு.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இருக்கிற சில நண்பர்கள் மூன்றாவதாக ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறார்கள். மில் தொழிலாளி, பள்ளி ஆசிரியர், பால்கோவாக் கடையில் கணக்கு எழுதுபவர், பழைய பேப்பர் வியாபாரம் செய்கிறவர் என்று ஏழெட்டுப் பேர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருத்தர் வீட்டு மொட்டைமாடியில் கூடுகிறார்கள். முதல் மாதமே அடுத்ததற்குத் தலைப்பு சொல்லிவிடுவார்கள். 'மண்டை ஓடு' என்றால் அவரவர் சேகரிப்பில் மண்டை ஓடு வரையப்பட்ட அட்டைகளை மட்டும் பொறுக்கிக் கொண்டுவந்து தரையில் பரப்ப வேண்டும். 'கப்பல்', 'குதிரை', 'முகமூடி', 'கயிற்றில் தொங்குகிறவன்' என்று இப்படியே போகும். "அண்ணாச்சி, இதுல மண்டை ஓடு எங்க இருக்கு?" "நல்லாப் பாரும்யா, மோதிரத்துல இருக்கு." இந்த மாதிரி வழக்குகள் ஒரு மணிநேரம் ஓடும். வேதாளரின் மோதிரத்தை மண்டை ஓட்டுக் கணக்கில் சேர்க்கலாமா என்பதில் ஒருநாள் சண்டையே வந்தது.

இதைப் பொழுதுபோக்கு என்று தள்ளுவது எளிது. தமிழ் படித்தவன் என்ற முறையில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1903இல் உ.வே.சா. அச்சேற்றிய ஐங்குறுநூறு எப்படித் தொகுக்கப்பட்டது? ஐந்து திணை, திணைக்கு நூறு, நூறுக்குப் பத்துப் பத்தாகப் பிரிவு. அந்தப் பத்துகளுக்கு என்ன பெயர்? வேழப்பத்து, கள்வன் பத்து, எருமைப்பத்து, குரக்குப்பத்து, கேழற்பத்து, கிள்ளைப்பத்து, மஞ்ஞைப்பத்து. அதாவது பாட்டுக்குள் நாணல் வந்தால் ஒரு கட்டு, நண்டு வந்தால் ஒரு கட்டு, குரங்கு வந்தால் ஒரு கட்டு. திரும்பத் திரும்ப வரும் ஒரு பொருளை வைத்து அடுக்கினால், அந்தப் பொருள் ஒவ்வொரு முறையும் என்ன வேலை செய்கிறது என்ற வேறுபாடு கண்ணில் படும். ஓரம்போகியாரின் எருமை வெறும் எருமையல்ல என்பது பத்தையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் தெரிகிறது. மொட்டைமாடி நண்பர்கள் செய்வதும் துறை பிரிப்பதுதான். 'தலை வாங்கிக் குரங்கு' அட்டையை வைத்து ஒரு குரக்குப்பத்து கட்ட முடியுமா என்று அவர்களிடம் கேட்டேன். சிரித்தார்கள். ஆனால் அடுத்த மாதம் குரங்கு அட்டைகளோடு வந்துவிட்டார்கள்.

இனி, இந்த அட்டைகள் எங்கிருந்து வந்தன என்பதைச் சொல்ல வேண்டும். விருதுநகர்–தென்காசி ரயில் பாதையில் சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்று அடுத்தடுத்த ஊர்கள். தமிழ்ச் சித்திரக்கதையின் தலைநகரம் சென்னையல்ல, சிவகாசி. 1972இல் சௌந்தரபாண்டியன் அங்கே முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. முல்லை தங்கராசன் ஆரம்ப காலத்தில் அதற்கு ஆசிரியப் பொறுப்பில் இருந்தார். 1984இல் சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன் லயன் காமிக்ஸைக் 'கத்திமுனையில் மாடஸ்டி'யோடு ஆரம்பித்தார். அதே ஆண்டு தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸ் ஜேம்ஸ் பாண்டின் 'அழகியைத் தேடி'யோடு வந்தது. ராணி காமிக்ஸ் 2005இல் நின்றுபோனது. லயனும் முத்துவும் நடுவில் மூச்சு வாங்கி, 2012இல் 'கம்பேக் ஸ்பெஷல்' போட்டுத் திரும்பி, இன்று வழவழப்பான தாளில், முழு வண்ணத்தில், குறைந்த பிரதிகளில் வந்துகொண்டிருக்கின்றன. அது வேறு கதை.

நமக்கு முக்கியமானது ஒரு சின்ன உண்மை. மாடஸ்டி பிளைஸி (1963), ரிப் கெர்பி (1946), மாண்ட்ரேக் (1934), காரிகன் (1934), ஜேம்ஸ் பாண்ட் (1958) இவையெல்லாம் லண்டனிலும் அமெரிக்காவிலும் தினசரிப் பத்திரிகைகளில் நாளைக்கு மூன்று நான்கு கட்டங்களாக வந்த தொடர்கள். தினசரித் தொடருக்கு ஏது அட்டை? அட்டை என்ற ஒன்றே அங்கே கிடையாது. கதை வெளிநாட்டிலிருந்து வந்தது, படம் வெளிநாட்டிலிருந்து வந்தது, அட்டையை மட்டும் இங்கே போட்டாக வேண்டும். பம்பாயில் இந்திரஜால் காமிக்ஸுக்கும் 1964 முதல் இதே நெருக்கடி, அங்கே பி. கோவிந்த் அட்டைகளை வரைந்தார். இங்கே சிவகாசியில் உள்ளூர் ஓவியர்கள் ஒரு கட்டத்தைப் பெரிதாக்கியோ, வெளிநாட்டு இதழின் முகப்பைப் பார்த்து மாற்றியோ, கதையைக் கேட்டுக் கற்பனையாகவோ வரைந்தார்கள். உள்ளே பெரும்பாலும் ஒரே மை, சொரசொரப்பான தாள். அட்டையில் மட்டும் நாலு கலர். வாங்குகிறவனுக்கு நிறம் என்று கிடைத்தது அந்த ஒரு பக்கம்தான். ஆகவே 'வெளிநாட்டுச் சரக்கு' என்று நாம் ஒதுக்குகிற பிரதியின் முகம் இந்த மாவட்டத்தில் வரையப்பட்டது.

ஏரியல் டோர்ஃப்மனும் அர்மான் மத்தலாரும் 1971இல் சிலியிலிருந்து டொனால்ட் டக்கை எப்படி வாசிப்பது என்று எழுதிய புத்தகம் நம் தோழர்களுக்குத் தெரியும். டிஸ்னியின் கதைகளுக்குள் காலனிய உறவுகள் எப்படி ஒளிந்திருக்கின்றன என்று அது காட்டியது. அந்த வாசிப்பு அவசியமானது. ஆனால் அதை அப்படியே தூக்கிக்கொண்டு சிவகாசிக்கு வந்தால் பாதிதான் கிடைக்கும். இங்கே ஏகாதிபத்தியப் பிரதியின் மேல் இன்னொரு கை வரைந்திருக்கிறது. அந்தக் கை எங்கே பழகிய கை? சிவகாசி அச்சகங்கள் தீப்பெட்டி லேபிளிலிருந்து வளர்ந்தவை. அப்புறம் பட்டாசு லேபிள், அப்புறம் காலண்டர். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்து, பக்கத்துக் கோவில்பட்டியில் தங்கிவிட்ட சி. கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய மாணவர்களும் சாமி காலண்டர்களால் தமிழ் வீடுகளின் சுவரை நிரப்பினார்கள். காமிக்ஸ் அட்டை போட்டவர்கள் அவருடைய சீடர் பரம்பரை என்று நான் சொல்லவரவில்லை. ஒரே அச்சுத் தொழிலின் தேவைகள் இவை: தூரத்திலிருந்து கண்ணில் பட வேண்டும், முகம் நேராகப் பார்க்க வேண்டும், பின்னணி பளிச்சென்று இருக்க வேண்டும். பெட்டிக்கடைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்குகிற புத்தகத்துக்கும் சுவரில் ஆணியில் தொங்குகிற முருகனுக்கும் பார்க்கப்பட வேண்டிய தூரம் ஏறத்தாழ ஒன்றுதான். மொட்டைமாடியில் 'பெண் முகம்' என்ற தலைப்பில் விரித்த அட்டைகளைப் பார்த்தபோது, பெயர் வெள்ளைக்காரிப் பெயராக இருக்க, கன்னமும் கண்ணும் காலண்டர் லட்சுமியாக இருந்ததை எல்லாருமே கவனித்தார்கள். உடம்பு மட்டும் வேறு. முகம் பூஜையறைக்கும் உடை துப்பாக்கிக்கும் என்று பங்கு பிரித்திருந்தது.

தலைப்புகளையும் துறை பிரித்துப் பார்க்கலாம். அட்டையில் படத்தளவு இடம் அடைத்துக்கொள்வது எழுத்து. உறைபனி மர்மம், மஞ்சள் பூ மர்மம், பவளச் சிலை மர்மம், வைகிங் தீவு மர்மம் இது ஒரு கட்டு. கொள்ளைக்காரப் பிசாசு, விண்வெளிப் பிசாசு. சைத்தான் விஞ்ஞானி, சைத்தான் சாம்ராஜ்யம். பழிவாங்கும் பொம்மை, பழிக்குப்பழி. கதைக்குள்ளே எந்திரம், கதிர்வீச்சு, ஆராய்ச்சிக்கூடம். வெளியே பிசாசும் பழியும். விஞ்ஞானக் கதையைத் தமிழ் வாசகனிடம் விற்க அம்மன் கோயில் திடலில் கேட்ட சொற்கள் தேவைப்பட்டிருக்கின்றன. இதை மூடநம்பிக்கை என்று முடிவுகட்ட எனக்கு அவசரமில்லை. அந்நியமான ஒன்றைத் தன் பயத்தின் மொழியில் பெயர்த்துக்கொள்வது எல்லா மொழிபெயர்ப்பிலும் நடப்பது. லயனில் 1984இல் அறிமுகமான ஸ்பைடர் அடிப்படையில் ஒரு குற்றவாளி. உலகத்தையே தன் காலடியில் கொண்டுவரக் கிளம்பியவன். அவனுக்கு 'எத்தனுக்கு எத்தன்' என்று பேர் வைத்தபோது அவன் நம்மூர் எத்தன் கதைகளுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டான்.

இப்போது 'கை'க்கு வருகிறேன். நண்பர்கள் வைத்த தலைப்புகளிலேயே அதிக அட்டைகள் சேர்ந்தது இதற்குத்தான். காரணம் வெளிப்படை: இரும்புக்கை மாயாவி. மூலத்தில் 1962இல் லண்டன் 'வேலியன்ட்' வார இதழில் தொடங்கிய கதை, ஸ்பானிய ஓவியர் ஜீசஸ் பிளாஸ்கோ வரைந்தது. ஆராய்ச்சிக்கூட விபத்தில் வலதுகையை இழந்த லூயிஸ் கிராண்டேலுக்கு இரும்புக்கை பொருத்துகிறார்கள். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். முதலில் குற்றத்தில் இறங்குகிறவன் பிற்பாடு நிழற்படையின் உளவாளி ஆகிறான்.

ஆள் மறைந்துபோய்க் கை மட்டும் தெரிவது. இந்தப் படிமத்தைச் சிவகாசியில் அச்சடித்து, சுற்றுவட்டாரப் பிள்ளைகள் கையில் கொடுத்தார்கள் என்பதை யோசியுங்கள். விடிவதற்கு முன்னால் கம்பெனி பஸ் கிராமம் கிராமமாக வந்து குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போன காலம் அது. குச்சி அடுக்கிய கை, பெட்டி ஒட்டிய கை, மருந்து கிட்டித்துக் கந்தகமும் வெடியுப்பும் அப்பிய கை. 1986இல் குழந்தை உழைப்பு ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. சிவகாசி தொழிற்சாலைகளைக் குறித்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. பட்டாசு ஆலை விபத்துச் செய்தி மட்டும் இன்றும் நின்றபாடில்லை. இந்தப் பட்டாசு ஊர்களில் கை போனவன் என்பது கற்பனைப் பாத்திரமல்ல. தெருவுக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் ஊருக்கு ஒருவரைக் காட்டுவார்கள். அவருக்கு இரும்புக்கை யாரும் பொருத்தவில்லை.

மாயாவியைத் தொழிலாளியின் குறியீடு என்று ஆக்கி நாம் மகிழ்ந்துவிட வேண்டியதில்லை. பிளாஸ்கோவுக்கோ முத்து காமிக்ஸுக்கோ அப்படியொரு எண்ணம் இருந்திருக்க வாய்ப்பில்லை. நான் சொல்வது வாசிப்பின் தரப்பு. உழைப்பின் விளைபொருள் மட்டும் தெரிந்து உழைத்தவர் தெரியாமல்போவது அன்றாடமாக இருக்கிற ஒரு வட்டாரத்தில், அந்தரத்தில் மிதக்கும் கை ஏன் பத்தாண்டுகள், இருபதாண்டுகள் பிள்ளைகளின் கனவாக இருந்தது என்ற கேள்வி. மில் தொழிலாளியான நண்பர் ஒருத்தர் அட்டைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எங்கப்பா பட்டாசு ஆபீஸ்லதான் இருந்தாரு. ஆளு மறைஞ்சாலும் கை தெரியும்கிறது எனக்கு அதிசயமாவே படலை. பஞ்சாயத்து ஸ்கூல்ல இந்தப் புக்கை வாடகைக்கு விட்டவன் மட்டும் கொடுத்துவச்சவன்னு நெனப்பேன்." இதற்கு மேல் நான் கோட்பாடு பேசத் தேவையில்லை.

ஆனால் ரசிகர்களின் துறைபிரிப்பில் விடுபட்டுப்போகிற துறைகள் இருக்கின்றன. அவற்றைச் சொல்லாமல் விட்டால் நானும் முகர்ந்து பார்க்கிறவர்களின் கட்சியில் சேர்ந்தவனாவேன். மண்டை ஓடு உண்டு, முகமூடி உண்டு. 'கட்டிப்போடப்பட்ட பெண்' என்று ஒரு ஞாயிறுகூடக் கிடையாது. அட்டைகள் இல்லாமலா? தரையை மூடும் அளவுக்கு இருக்கும். நாற்காலியில், மரத்தில், தண்டவாளத்தில். சாகசம் செய்கிற மாடஸ்டிகூட விதிவிலக்கு என்றுதான் அறிமுகமாகிறாள். கூட்டத்துக்குப் பெண்கள் வருவதில்லை. காபி மேலே வருகிறது. ஒருநாள் காபி கொண்டுவந்த அம்மா, 'குதிரை' தலைப்பு அட்டைகளைப் பார்த்துவிட்டு, "நாங்களும் இதெல்லாம் படிச்சிருக்கோம், அண்ணன் படிச்சு முடிச்சப்புறம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அண்ணன் படித்து முடித்த பிறகு கிடைத்த வாசிப்பு என்று ஒன்று இருந்திருக்கிறது. அதைப் பற்றி ஒரு வரி எழுதப்படவில்லை.

அதேபோல 'வில்லனின் நிறம்'. வேதாளர் கதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1936இல் லீ ஃபாக் எழுதத் தொடங்கியபோது அது வங்காளத்தை நினைவூட்டும் ஒரு கற்பனை நாடு. இந்திரஜால் அதை டெங்காலி என்று மாற்றியது, சிங் கொள்ளையர்களைச் சிங்கா ஆக்கியது. வாசகர் மனம் புண்படும் என்ற ஜாக்கிரதை. ஆனால் சிம்மாசனத்தில் வெள்ளைக்காரன், சுற்றிலும் ஈட்டியோடு கருத்த மனிதர்கள் என்ற அமைப்பை யாரும் மாற்றவில்லை. நாமும் கருத்தவர்கள்தான், படிக்கும்போது எந்தப் பக்கம் நின்றோம்? சிம்மாசனத்தின் பக்கம். டெக்ஸ் வில்லர் (1948) கொஞ்சம் சிக்கலானவர். இத்தாலியர்கள் உருவாக்கிய இந்த அமெரிக்க ரேஞ்சர் நவஹோ இனப் பெண்ணை மணந்து அவர்களுக்கே தலைவராகவும் ஆனவர், இரவுக்கழுகு. கதைக்குள் பூர்வகுடிகளுக்காகப் பேசுகிறவர். அட்டைக்கு வரும்போது மட்டும் முகத்தில் சாயம் பூசிய செவ்விந்தியன் மறுபடியும் கோடரியோடு பாய்கிறான். கதை ஒன்று சொல்ல அட்டை வேறொன்று சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ரசிக நண்பர்களிடம் இந்தத் தலைப்பைச் சொன்னபோது, "அதெல்லாம் அரசியல் ஆயிரும் அண்ணாச்சி" என்றார்கள். மண்டை ஓடு மட்டும் அரசியல் இல்லையா என்று கேட்டேன். பதில் இல்லை. ஆனால் ஆசிரியர் ஒருவர் தனியாக எட்டு அட்டைகளை எடுத்துவைத்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

விலை பற்றி ஒரு வார்த்தை. வால்டர் பெஞ்சமின் 1931இல் தன் நூலகத்தைப் பிரித்து அடுக்குவதைப் பற்றி எழுதியபோது, சேகரிப்பவன் பொருளை அதன் பயன்பாட்டிலிருந்து விடுவிக்கிறான் என்ற பொருள்பட ஒன்று சொல்கிறார். இங்கே விடுதலை சந்தையில் போய் முடிகிறது. அட்டையில்லாத முத்து காமிக்ஸ் செல்லாக்காசு. அட்டையோடிருந்தால் வியாபாரி கேட்பதுதான் விலை. வாடகை நூலகத்தில் நூறு கை மாறிய புத்தகத்துக்குத்தான் முதலில் அட்டை கிழியும். அதாவது அதிகம் படிக்கப்பட்ட பிரதிக்கு மதிப்பு குறைவு, யாரும் தொடாமல் பீரோவில் தூங்கிய பிரதிக்கு மதிப்பு அதிகம். மொட்டைமாடி நண்பர்கள் இந்த வகையில் மரியாதைக்குரியவர்கள். நூல் போட்டுத் தைத்தது, காலண்டர் தாள் ஒட்டியது, பேனாவால் மீசை வரைந்தது எல்லாமே அங்கே சமமாகத் தரையில் கிடக்கும். மீசை வரைந்த அட்டைகளுக்கென்றே ஒரு ஞாயிறு வைத்தார்கள். நான் பார்த்ததிலேயே சிறந்த ஞாயிறு அதுதான்.

கடைசியாகப் பெயர். அட்டை வரைந்தவர்களில் மாலையப்பன் பெயர் வாசகர்களுக்குத் தெரியும். லயன்–முத்து வட்டாரத்தில் அவரைக் கொண்டாடுகிறார்கள். மற்றவர்கள்? பல அட்டைகளில் கையெழுத்து இல்லை. பதிப்பாளர் பெயர், அச்சகம், விலை எல்லாம் இருக்கும். ஓவியர் இருக்கமாட்டார். குறுந்தொகையைத் தொகுத்தவர்களுக்கும் இந்தச் சிக்கல் இருந்தது. பெயர் தெரியாத புலவரை அவர்கள் அநாமதேயம் என்று விடவில்லை. அவர் பாட்டிலேயே இருக்கிற ஒரு படிமத்தை எடுத்து அவருக்குப் பெயராகச் சூட்டினார்கள்: செம்புலப் பெயல்நீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவர், மீனெறி தூண்டிலார். அடுக்கத் தெரிந்தவர்கள் பெயரிடவும் தெரிந்திருந்தார்கள்.

இதை நண்பர்களிடம் சொல்லி, அச்சகத்தில் வெகுநாள் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரை ஒரு ஞாயிறு அழைத்துவந்தோம். பிளேட் போட்டவர். படம் வரைந்தவரல்ல. கையெழுத்தில்லாத நாற்பது அட்டைகளைக் கலைத்து அவர் முன்னால் வைத்தோம். பெயர்கள் அவருக்கு ஞாபகமில்லை. ஆனால் சீட்டுப் பிரிப்பதுபோல ரொம்ப நிதானமாக மூன்று கட்டாகப் பிரித்தார். "இந்தாளு கண்ணை மொதல்ல போட்டுட்டு மத்ததைப் போடுவாரு. பாருங்க, மூஞ்சி கோணினாலும் கண்ணு கோணாது. இவரு செவப்பை அள்ளிக் கொட்டுவாரு, பாசிட்டிவ்ல குறைச்சாகணும், இல்லன்னா அப்பிக்கிடும். இது வேற ஆளு, இவருக்குக் கை வரைய வராது. அதான் எல்லார் கையிலயும் ஏதாச்சும் குடுத்திருப்பாரு."

நாற்பதில் ஐந்து எந்தக் கட்டிலும் சேரவில்லை. அவற்றைத் தனியாக ஓரத்தில் வைத்துவிட்டு, மற்ற மூன்று கட்டுகளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினோம்: கண்முந்தியார், செஞ்சாயத்தார், கைமறைத்தார்.